தீ, கேஸ், பக்கவாதம்: பணிப்பெண்கள் கற்ற சீனம்

1875இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு சிறிய புத்தகம் வெளிவந்தது. வோங் சாம் என்பவரும் அவருடைய உதவியாளர்களும் சேர்ந்து தொகுத்த ஆங்கில-சீன வாக்கியக் கையேடு அது. வெல்ஸ் ஃபார்கோ நிறுவனத்தின் அலுவலகங்கள் வழியாக அமெரிக்காவின் மேற்குப் பகுதி முழுவதும் அது போய்ச் சேர்ந்தது. கையேடு என்றதும் 'வணக்கம், நலமா, இது என்ன விலை' என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அவையும் அதில் உண்டு. ஆனால் பக்கம் பக்கமாக வருபவை வேறு வாக்கியங்கள்: பொருளைப் பறித்துக்கொண்டார்கள், அடித்தார்கள், பொய்க் குற்றம் சாட்டினார்கள், கொன்றுவிட்டார்கள். நீதிமன்றத்தில் போய்ச் சொல்ல வேண்டியவற்றை அந்த மனிதர்கள் முன்கூட்டியே மனப்பாடம் செய்துகொண்டார்கள். தங்களுக்கு என்ன நேரும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

அதே 1875ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்க அரசு 'பேஜ் சட்டம்' கொண்டுவந்தது. பாலியல் தொழிலுக்காகக் கொண்டுவரப்படும் பெண்களைத் தடுப்பதற்கு என்று சொல்லப்பட்ட அந்தச் சட்டம், நடைமுறையில் சீனப் பெண்கள் அமெரிக்காவுக்குள் நுழைவதையே ஏறக்குறைய அடைத்துவிட்டது. ஆண்களுக்காவது ஆபத்துக் காலத்தில் பேச ஒரு புத்தகம் கிடைத்தது. பெண்கள் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்கள்.

வாக்கியக் கையேடுகளை யாரும் இலக்கியமாக மதிப்பதில்லை. வரலாற்று ஆவணமாகவும் அதிகம் பார்ப்பதில்லை. ஆனால் யார் பேசலாம், யார் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும், எது அவசரம், யாருக்கு அவசரம் என்பதையெல்லாம் அவை அப்பட்டமாகக் காட்டிவிடுகின்றன. இன்று ஹாங்காங்கிலும் தைவானிலும் சீன வீடுகளில் வேலை செய்யும் லட்சக்கணக்கான பெண்கள், 'தீப்பிடித்துவிட்டது', 'பாட்டி விழுந்துவிட்டார்', 'கேஸ் கசிகிறது' என்று சீனத்தில் சொல்லக் கற்றுக்கொண்டுதான் விமானம் ஏறுகிறார்கள். அந்தப் பாடத்தின் வரலாற்றைப் பின்தொடர்ந்து பார்ப்போம்.

கட்டளையின் இலக்கணம்

காலனிய காலத்தில் மொழி கற்றவர் எஜமானர். வேலைக்காரரின் மொழியில் கட்டளையிடும் அளவுக்கு மட்டும் கற்றார். நமக்கு மிக நெருக்கமான எடுத்துக்காட்டு இலங்கையில் இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் ஃபெர்குசன் வெளியிட்ட கையேடு ஒன்று, தோட்டத்துக்குப் புதிதாக வரும் 'சின்னதுரை'க்குத் தமிழ் கற்றுத்தந்தது. அந்தப் புத்தகத்தின் பெயரே 'இங்கே வா!' என்பதுதான். தேயிலைத் தோட்டத்துத் தமிழர்களோடு பேசுவதற்குத் துரைக்குத் தேவைப்பட்ட முதல் தமிழ் எது என்பதை அட்டையே சொல்லிவிடுகிறது. 'வாங்க' இல்லை, 'வாருங்கள்' இல்லை. 'வா'.

மலாயாவில் வெள்ளைக்காரத் துரைசானிகளுக்காக மே வுட் என்ற பெண் எழுதிய 'மலாய் ஃபார் மெம்ஸ்' 1920களில் சிங்கப்பூரில் வெளிவந்து பல பதிப்புகள் கண்டது. வீட்டில் சமைக்கும் சீனரிடமும், தோட்டத்தில் நிற்கும் தமிழரிடமும் துரைசானி ஒரே சந்தை மலாயில் பேசினார். மூவருக்கும் அது தாய்மொழி இல்லை. ஆனால் அந்த மொழியில் வினைமுற்றுகளைத் துரைசானி ஏவல் வடிவில் கற்றார். மற்ற இருவரும் 'சரி' என்று சொல்லக் கற்றார்கள். ஒரு பெண் இன்னொரு பெண்ணை வேலை வாங்குவதற்காகப் பெண்ணே எழுதிய புத்தகம் அது. வீட்டுவேலையின் வரலாற்றைப் படிக்கும்போது, ஆண்-பெண் என்ற ஒற்றைக் கோடு மட்டும் போதாது என்பதை இத்தகைய புத்தகங்கள் நினைவூட்டுகின்றன.

அந்தத் துரைசானிகளின் வீடுகளில் வேலை செய்த சீனப் பெண்களுக்கு 'ஆமா' என்று பெயர். போர்த்துக்கீசியச் சொல் அது. 1930களில் பொருளாதார மந்தத்தின்போது, நீரிணைக் குடியேற்றங்களின் பிரிட்டிஷ் அரசு சீன ஆண்கள் வருவதற்கு உச்சவரம்பு விதித்தது. 1933இன் அயலார் சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை நிலைநிறுத்தியது. 1938 வரை பெண்களுக்கு அந்த வரம்பு இல்லை. அந்த இடைவெளியில் தென்சீனத்தின் குவாங்டோங் மாகாணத்திலிருந்து, குறிப்பாகப் பட்டுத்தொழில் சரிந்துபோன ஷுண்டே வட்டாரத்திலிருந்து, ஆயிரக்கணக்கான பெண்கள் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் திருமணம் செய்துகொள்வதில்லை என்று சபதம் செய்து, அதன் அடையாளமாகக் கூந்தலை வாரி முடிந்துகொண்டவர்கள். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் கால்சட்டையும் அவர்களுடைய உடை. சமையல், துவையல், குழந்தை எல்லாவற்றையும் ஒருத்தியே பார்த்துக்கொண்டால் அவளுக்கு 'ஒரே காலால் எல்லாவற்றையும் உதைப்பவள்' என்று கான்டனீஸில் ஒரு பெயர்.

இவர்களுக்கு மொழி கற்றுக்கொடுக்க எந்தக் கையேடும் இல்லை. ஆனால் இவர்களிடம் வேறொன்று இருந்தது. பல பெண்கள் சேர்ந்து ஓர் அறையை வாடகைக்கு எடுத்து வைத்துக்கொண்டார்கள். வேலை போனாலும், நோய் வந்தாலும், எஜமானி அடித்தாலும் போய்த் தங்க அந்த அறை இருந்தது. அங்கே அவர்களுடைய சொந்த மொழி பேசப்பட்டது. ஆபத்துக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு வாக்கியத்தைவிட முதலில் தேவைப்படுவது போய்ச் சேர ஓர் இடம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள்.

பாடம் தலைகீழானது

1970களில் நிலைமை புரண்டது. ஹாங்காங்கில் தொழிற்சாலைகளும் அலுவலகங்களும் பெருகின. சீனப் பெண்கள் வேலைக்குப் போனார்கள். வீட்டில் குழந்தையையும் முதியோரையும் பார்க்க ஆள் வேண்டியிருந்தது. 1970களின் முற்பகுதியில் ஹாங்காங் வெளிநாட்டுப் பணிப்பெண்களுக்குக் கதவைத் திறந்தது. 1974இல் பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் அரசு தொழிலாளர் ஏற்றுமதியைக் கொள்கையாகவே வகுத்தது. சிங்கப்பூர் 1978இலும், தைவான் 1992இலும் அதே வழியில் வந்தன. இன்று ஹாங்காங்கில் மட்டும் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வெளிநாட்டு வீட்டுப் பணியாளர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் பெண்கள். தைவானில் இவர்களில் மிகப் பெரும்பாலோர் முதியோரையும் நோயாளிகளையும் பராமரிப்பவர்கள்.

இப்போது மொழி கற்க வேண்டியவர் வேலைக்காரர். பிலிப்பைன்ஸ் பெண்களிடம் ஆங்கிலம் இருந்தது. இந்தோனேசியாவின் சிற்றூர்களிலிருந்து வந்த பெண்களிடம் அது இல்லை. ஆகவே ஜாவாவில் பயிற்சி முகாம்கள் முளைத்தன. மாதக்கணக்கில் அங்கேயே தங்கி, ஹாங்காங் போகிறவர்கள் கான்டனீஸும், தைவான் போகிறவர்கள் மாண்டரினும் கற்றார்கள். அந்தப் பயிற்சிக்கும் தரகுக்கும் ஆன செலவு கடனாகத் தலையில் ஏறி, பின்பு பல மாதச் சம்பளத்தை விழுங்கியது. எஜமானருக்கு வசதியான மொழியைக் கற்பதற்கான கட்டணத்தையும் தொழிலாளியே கட்டினாள்.

சமூகவியலாளர் பெய்-சியா லான், தைவான் வீடுகளைப் பற்றிய 'குளோபல் சிண்ட்ரெல்லாஸ்' (2006) என்ற நூலில், மொழி எப்படி அதிகாரத்தை இடம் மாற்றுகிறது என்பதைக் காட்டுகிறார். ஆங்கிலம் நன்றாகப் பேசும் பிலிப்பைன்ஸ் பெண் முன்னால், தடுமாறும் ஆங்கிலத்தோடு நிற்பது பல எஜமானர்களுக்குச் சங்கடமாக இருந்தது. தரகர்கள் இந்தோனேசியப் பெண்களைப் 'பணிவானவர்கள்' என்று விற்றார்கள். அந்தப் பணிவு அவர்களின் இயல்பு என்று பேசப்பட்டது. ஆனால் ஒரு புதிய மொழியின் முதல் முந்நூறு சொற்களை மட்டும் அறிந்தவர் யாராயிருந்தாலும் பணிவாகத்தான் தெரிவார். மறுத்துப் பேச நாலாயிரம் சொற்களாவது வேண்டும்.

சமையலறையிலும் நோய்ப்படுக்கையிலும்

அப்படி ஒரு பெண் கற்கும் அவசரச் சொற்களைச் சற்று அருகில் போய்ப் பார்க்கலாம்.

'காப்பாற்றுங்கள்' என்பதற்கு மாண்டரினில் 'ஜியோமிங்', கான்டனீஸில் 'காவ்மெங்'. இரண்டும் ஒரே எழுத்துகள்தான். நேர்ப்பொருள் 'உயிரைக் காப்பாற்று'. தீப்பிடித்தால் மாண்டரினில் 'ஜாவ் ஹுவோ ல' என்று கத்த வேண்டும். ஹாங்காங்கில் 'ஃபோ சுக்' என்பார்கள். எழுத்துக்கு எழுத்து பார்த்தால் 'தீ, மெழுகுவத்தி'. விளக்கு சாய்ந்து தெரு முழுக்க எரிந்த காலத்தின் நினைவு அந்தச் சொல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மின்சாரம் நின்றால் 'திங் தியென்'. 'கரன்ட் நின்னுபோச்சு' என்று நாம் சொல்வதற்கு அப்படியே இணை.

கேஸ் கசிந்தால் என்ன சொல்வது? இங்கேதான் கையேடு காலை வாரிவிடும். பெய்ஜிங்கில் அச்சான புத்தகம் 'மெய்ச்சி' என்று சொல்லித்தரும். நிலக்கரி வாயு என்று பொருள். தைவானில் மக்கள் சொல்வது 'வாஸு'. ஜப்பானியர் 50 ஆண்டுகள் ஆண்ட தீவு அது. ஜப்பானியரின் 'காஸு' சீன எழுத்துகளில் ஏறித் தைவான் சமையலறையில் தங்கிவிட்டது. குளிர்காலத்தில் பால்கனியை அடைத்துவிட்டு கேஸ் வெந்நீர்க் கருவியைப் போடுவதால் வரும் கார்பன் மோனாக்சைடு நச்சு, தைவானில் ஆண்டுதோறும் எச்சரிக்கப்படும் ஆபத்து. அந்தத் தீவில் ஒரு பணிப்பெண்ணின் உயிர், காலனிய வரலாறு விட்டுப்போன ஒற்றைச் சொல்லைச் சார்ந்திருக்கக்கூடும்.

அடுத்தது தொனி. மாண்டரினில் நான்கு தொனிகள், கான்டனீஸில் ஆறு. 'தாங்' என்பதை உயர்ந்த சமக் குரலில் சொன்னால் சூப். குரலைச் சட்டென்று இறக்கிச் சொன்னால் 'சுடுகிறது'. புலியும் புளியும் நமக்கு வேறு வேறாகக் கேட்பதுபோல அவர்களுக்கு இவை முற்றிலும் வேறு சொற்கள். கொதிக்கும் பாத்திரத்தோடு குறுக்கே வரும் குழந்தையைப் பார்த்துக் கத்தும்போது தொனி சரியாக வர வேண்டும். பயத்தில் யாருக்கும் குரல் தன் வசத்தில் இருப்பதில்லை. முகாமில் வரிசையாக உட்கார்ந்து ஒப்பித்த பாடம் அந்த நொடியில் எவ்வளவு உதவும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிறகு நோயாளியின் படுக்கை. தைவானில் பணிப்பெண் கற்றுக்கொண்டு வருவது மாண்டரின். படுக்கையில் கிடக்கும் பாட்டிக்கோ பெரும்பாலும் தைவான் ஹொக்கியன்தான் வீட்டுமொழி. மாண்டரினில் வலிக்கு 'தோங்'. பாட்டி முனகுவது மூக்கொலியோடு 'தியா' என்று. அந்த ஹொக்கியன் சொல்லுக்கு வலி என்றும் பொருள், பாசத்தோடு சீராட்டுவது என்றும் பொருள். எந்த முகாமும் கற்றுத்தராத இந்தச் சொல்லை, பாட்டியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து, ஒரு ஜாவாப் பெண் தானே கற்றுக்கொள்கிறாள். சில ஆண்டுகளில் அந்த வீட்டின் பேரப்பிள்ளைகளைவிட அவளுக்கு ஹொக்கியன் நன்றாக வந்துவிடுவது உண்டு. சம்பளப் பட்டியலில் அந்தத் திறமைக்கு இடம் இல்லை.

பக்கவாதத்துக்குச் சீனச் சொல் 'ஜோங் ஃபெங்': 'காற்று தாக்கியது'. நமது 'வாதம்' என்ற சொல்லும் வாயுவிலிருந்து வந்ததுதான். இரண்டு மருத்துவ மரபுகளும் உடம்பு திடீரென்று சாய்வதைக் காற்றின் வேலையாகவே பார்த்திருக்கின்றன. இன்றைய மருத்துவத்தில் அது நிமிடக் கணக்கு. வாய் கோணியதை முதலில் பார்ப்பவள் பணிப்பெண். தைவானில் 119ஐ அழைத்து முகவரி சொல்ல வேண்டியவளும் அவளே. முகவரி என்றால் தெரு, சந்து, கிளைச்சந்து, கதவெண், மாடி என்று நீளும் சீன முகவரி. உயிர் போகும் நேரத்தில் குடும்பம் முழுவதும் நம்பியிருப்பது, அந்த வீட்டில் மிகக் குறைவாகச் சம்பளம் வாங்கும் ஒருத்தியின் மொழியறிவை.

2003: ஓர் எழுத்தாளரின் மரணம்

லியூ ஷியா தைவானின் புகழ்பெற்ற எழுத்தாளர். ஷிங்லின்ஸி என்பது அவருடைய புனைபெயர். சிறுமியாக இருந்தபோதே முடக்குவாதம் அவரைத் தாக்கியது. அந்த உடம்போடு நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் வாழ்ந்து, எழுதி, மாற்றுத்திறனாளிகளுக்காக 1982இல் ஈடன் அறக்கட்டளையைத் தொடங்கியவர். 2003 பிப்ரவரியில், அவரைப் பராமரித்துவந்த இந்தோனேசியப் பெண், நிலநடுக்கம் வந்துவிட்டது என்று நம்பி, அவரைக் கட்டிலிலிருந்து இழுத்தார். நிலநடுக்கம் எதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் மனம் குலைந்திருந்தது. காயமடைந்த லியூ ஷியா மறுநாள் இறந்தார்.

இருவருமே பெண்கள். இருவருமே தங்கள் தங்கள் வழியில் இன்னொருவரைச் சார்ந்திருந்தவர்கள். லியூ ஷியாவின் குடும்பம் அந்தப் பணிப்பெண்ணை மன்னித்தது. 'வெளிநாட்டுப் பணிப்பெண்ணின் கொடூரம்' என்று இதைச் சுருக்கிவிட முடியாதபடி, தைவானின் தொழிலாளர் அமைப்புகளும் பெண்கள் அமைப்புகளும் ஒரு கேள்வியை எழுப்பின: வீட்டுக்குள் வேலை செய்பவருக்கு ஓய்வு நாள் எங்கே? தைவானின் தொழிலாளர் தரநிலைச் சட்டம் வீட்டுப் பணியாளர்களுக்குப் பொருந்தாது. வேலை நேர வரம்பு இல்லை. விடுமுறை எஜமானரின் தயவு. அந்த மரணத்துக்குப் பிறகு அமைப்புகள் ஒன்றுகூடி 'வீட்டுப் பணிச் சட்டம்' ஒன்றை வரைந்து அரசிடம் கோரின. அந்த வரைவு இன்றுவரை சட்டமாகவில்லை.

இந்த நிகழ்வு வாக்கியக் கையேட்டைப் பற்றியும் ஒன்றைச் சொல்கிறது. பாட்டி விழுந்தால் என்ன சொல்ல வேண்டும் என்று கற்றுத்தந்தார்கள். 'என்னால் தூங்க முடியவில்லை', 'என் மனம் சரியில்லை', 'எனக்கு ஒருநாள் விடுப்பு வேண்டும்' என்பதை அவசர வாக்கியம் என்று யாரும் கருதவில்லை. வீட்டின் ஆபத்துகளைப் பட்டியலிட்டவர்கள், வீட்டுக்குள் இருந்த அந்தப் பெண்ணுக்கு நேரக்கூடிய ஆபத்தைப் பட்டியலில் சேர்க்கவில்லை. அவளுடைய ஆபத்து எஜமானருக்கும் ஆபத்தாக முடிந்தது.

கத்தினால் கேட்பது யார்?

2014 ஜனவரியில் ஹாங்காங் விமான நிலையத்தில், நடக்கவே முடியாத நிலையில் இருந்த ஓர் இளம்பெண்ணை, அதே விமானத்தில் ஊருக்குத் திரும்பிய இன்னொரு இந்தோனேசியப் பணிப்பெண் கவனித்தார். அந்த இளம்பெண் எர்வியானா சுலிஸ்தியானிங்சி. எட்டு மாதங்கள் தன்னை எஜமானி அடித்துச் சித்திரவதை செய்ததாக அவர் சொன்னார். முன்பே ஒருமுறை தப்பி, வேலைக்கு அனுப்பிய முகவரை அழைத்ததாகவும், அவர்கள் அதே வீட்டுக்குத் திருப்பி அனுப்பியதாகவும் சொன்னார். ஆயிரக்கணக்கான பணிப்பெண்கள் தெருவில் இறங்கினார்கள். 2015 பிப்ரவரியில் எஜமானிக்கு ஆறாண்டு சிறைத்தண்டனை கிடைத்தது.

எர்வியானாவிடம் சொற்கள் இல்லாமல் இல்லை. அந்தச் சொற்களைக் கேட்க எதிரில் ஆள் இல்லை. ஹாங்காங் சட்டப்படி பணிப்பெண் எஜமானரின் வீட்டிலேயே தங்க வேண்டும். ஒப்பந்தம் முறிந்தால் இரண்டு வாரத்துக்குள் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும். இந்த இரண்டு விதிகளும் ஒன்றுசேரும்போது, 'காவ்மெங்' என்று கத்துவதற்கு முன்னால் ஒரு பெண் தன் கடனையும் ஊரில் இருக்கும் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. 1930களின் ஆமாக்களுக்கு இருந்த வாடகை அறையைச் சட்டம் இவர்களிடமிருந்து எடுத்துவிட்டது.

மாற்றங்களும் வந்திருக்கின்றன. 2009இல் தைவான் 1955 என்ற உதவி எண்ணைத் தொடங்கியது. இந்தோனேசியம், வியட்நாமியம், தாய், ஆங்கிலம் ஆகியவற்றிலும் அதில் புகார் சொல்லலாம். தொழிலாளி எஜமானரின் மொழிக்கு வர வேண்டும் என்ற பழைய ஏற்பாட்டில், அரசு தொழிலாளியின் மொழிக்கு வந்த இடம் அது. 2011இல் சர்வதேச தொழிலாளர் அமைப்பு, வீட்டுப் பணியாளர்களுக்கான 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. இந்தியா இன்னும் அதை ஏற்புறுதி செய்யவில்லை.

2025 நவம்பரில் ஹாங்காங்கின் தாய் போவில், வாங் ஃபுக் கோர்ட் அடுக்குமாடிக் குடியிருப்பில் பெருந்தீ பரவியது. 150க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களில் இந்தோனேசிய, பிலிப்பைன்ஸ் பணிப்பெண்களும் இருந்தார்கள். பகல் நேரத் தீ அது. பகலில் குழந்தையோடும் முதியவரோடும் வீட்டில் இருப்பது யார் என்பது நமக்குத் தெரியும்.

மூதூரிலிருந்து ஒருத்தி

இது சீன வீடுகளின் கதை மட்டும்தானா? இலங்கையின் மூதூரைச் சேர்ந்த ரிசானா நஃபீக், தமிழ் பேசும் ஏழை முஸ்லிம் குடும்பத்துப் பெண். 2005இல், பதினேழு வயதில், வயதைக் கூட்டிக் காட்டிய கடவுச்சீட்டோடு சவுதி அரேபியாவுக்கு வேலைக்குப் போனாள். போன சில வாரங்களில், அவள் பொறுப்பில் இருந்த நான்கு மாதக் குழந்தை இறந்தது. புட்டிப்பால் கொடுக்கும்போது புரையேறிவிட்டது என்று அவள் சொன்னாள். கொலை என்று வழக்கானது. தொடக்க விசாரணையில் அவளுக்கு வழக்கறிஞரும் இல்லை, தகுதியான தமிழ் மொழிபெயர்ப்பாளரும் இல்லை. 2013 ஜனவரி 9 அன்று அவள் தலை துண்டிக்கப்பட்டது.

புரையேறுதல் ஒரு வீட்டு அவசரம். எந்தத் தாயின் கையிலும் நேரக்கூடியது. தாயாக இருந்தால் அது விபத்து. மொழி தெரியாத பணிப்பெண்ணாக இருந்தால் அதை விபத்து என்று நிறுவும் பொறுப்பும் அவள் தலையில் விழுகிறது. 1875இல் அந்தச் சீன ஆண்கள் நீதிமன்ற வாக்கியங்களை ஏன் மனப்பாடம் செய்தார்கள் என்பதை ரிசானாவின் வழக்கு நமக்கு விளக்குகிறது.

இன்று சென்னையிலும் கோவையிலும் ஜார்க்கண்ட், அசாம், வங்காளம், நேபாளம் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் அடுக்குமாடி வீடுகளில் தங்கி வேலை செய்கிறார்கள். சிலிண்டரை எப்படி மூடுவது, பாட்டி மயங்கினால் யாரைக் கூப்பிடுவது என்று அவர்களுக்கு நாம் தமிழில் சொல்லிக்கொடுக்கிறோம். அது தேவைதான். கூடவே இன்னொரு பாடமும் வேண்டும். இந்தோனேசியாவில் வலிக்கு 'சாக்கிட்', உதவிக்கு 'தோலோங்'. அந்த இரண்டு சொற்களும் எத்தனை ஹாங்காங் வீடுகளுக்குத் தெரியும் என்று கேட்டுவிட்டு, நம் வீட்டுக்கு வருவோம். வங்காளத்தில் வலி 'ப்யாதா'. இந்தியில் 'தர்த்'. வலித்தால் நேபாளத்துப் பெண் 'துக்யோ' என்பாள். இவற்றை நாம் கற்றுக்கொள்ளப் பயிற்சி முகாம் வேண்டாம், கடன் வாங்க வேண்டாம், ஒரு மாலைப்பொழுது போதும். அவளுடைய ஊர் எண், அவளுடைய சம்பளக் கணக்கு, அவள் கையிலேயே இருக்கும் தொலைபேசி, வாரம் ஒருநாள் வெளியே போய் அவள் மொழியில் பேச ஒரு தோழி: அவசரக் காலத்துக்கான முதல் பக்கத்தை இவற்றிலிருந்து எழுதத் தொடங்கலாம்.